கையெழுத்துப் போடாத மூன்று பேர்

பிலடெல்பியாவில் சுதந்திர மண்டபத்தைப் பார்க்க டிக்கெட் இலவசம். ஆன்லைனில் முன்பதிவு செய்தால் ஆளுக்கு ஒரு டாலர் பிடித்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு அரை மணி முன்னதாகவே போய்விடுங்கள். விமான நிலையம் மாதிரி பையையெல்லாம் சோதித்துத்தான் உள்ளே விடுகிறார்கள்.

செஸ்நட் தெருவில், 5-வது தெருவுக்கும் 6-வது தெருவுக்கும் நடுவே இருக்கிறது அந்தச் செங்கல் கட்டடம். மேலே வெள்ளைக் கோபுரம். படத்தில் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு, 'இவ்வளவுதானா?' என்றுதான் முதலில் தோன்றும். தஞ்சாவூர்ப் பக்கம் மிராசுதார் வீடுகளே இதைவிடப் பெரிதாக இருக்கும். 1776-ல் அமெரிக்காவின் சுதந்திரப் பிரகடனம், 1787-ல் அரசியல் சாசனம் இரண்டும் இந்தக் கட்டடத்தின் ஒரே அறையில்தான் பிறந்தன.

நாங்கள் போனது 2019 அக்டோபரில். மகள் குடும்பம் நியூ ஜெர்சியில், எடிசனில் இருக்கிறது. அவளுக்கு அடுத்த மாதம் குடியுரிமை நேர்காணல். அதற்காக 100 கேள்விகளை அரசாங்கமே வெளியிட்டிருந்தது. அதிலிருந்து 10 வரை கேட்பார்கள், 6 சரியாகச் சொன்னால் பாஸ். (2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பிக்கிறவர்களுக்கு இதை மாற்றிவிட்டார்கள். இப்போது 128 கேள்விகள், 20 வரை கேட்பார்கள், 12 சரியாக வேண்டும்.)

"நீதான் முப்பது வருஷம் குடிமையியல் எடுத்தியேம்மா, என்னைக் கேள்வி கேளு" என்று போனை என் கையில் கொடுத்துவிட்டாள். கார் கிளம்பியதிலிருந்து கேட்டுக்கொண்டே வந்தேன். நாட்டின் உச்ச சட்டம் எது? அரசியல் சாசனம். எத்தனை திருத்தங்கள்? 27. செனட்டர்கள் எத்தனை பேர்? 100. பிரதிநிதிகள் சபையில்? 435. கடகடவென்று சொன்னாள். பின் சீட்டிலிருந்து என் பேரன் அவளுக்கு முன்னால் பதில் சொல்லிக்கொண்டு வந்தான். அவனுக்கு அப்போது ஒன்பது வயது. அங்கேயே பிறந்தவன், அவனுக்குத் தேர்வு கிடையாது.

மண்டபத்துக்குள் தொப்பி வைத்த ரேஞ்சர் ஒருவர் கூட்டிப்போகிறார். முதலில் காட்டுவது நீதிமன்ற அறை. இங்கிலாந்து மன்னரின் சின்னம் மாட்டியிருந்த இடத்தில் இப்போது பென்சில்வேனியா மாநிலத்தின் சின்னம் இருக்கிறது. 1776-ல் மன்னரின் சின்னத்தைக் கழற்றி எடுத்துப்போய் எரித்துவிட்டார்களாம். எதிரே குற்றம் சாட்டப்பட்டவர் நிற்கும் கூண்டு.

அந்தக் கூண்டைப் பார்த்ததும் எனக்கு கிடியனின் கதை ஞாபகம் வந்தது. புளோரிடாவில் திருட்டுக் குற்றம் சாட்டப்பட்ட கிளாரன்ஸ் கிடியன் என்ற ஏழைக்கு, கேட்டும் வக்கீல் தரவில்லை. சிறைக்குள்ளிருந்து பென்சிலால் சுப்ரீம் கோர்ட்டுக்கு மனு எழுதினார். வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமை சாசனத்தின் 6-வது திருத்தத்தில் இருக்கிறது. காசில்லாதவருக்கு அரசே வக்கீல் தர வேண்டும் என்று 1963-ல் நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். மறு விசாரணையில் வக்கீலோடு போனார், விடுதலையானார். பேரனுக்கு இந்தக் கதையில் பிடித்தது அந்தப் பென்சில்தான்.

எதிர்ப்பக்கம் இருப்பது பெரிய அறை. பச்சைத் துணி போர்த்திய மேஜைகள், இறகுப் பேனா, மெழுகுவத்தி. முன்னால் ஜார்ஜ் வாஷிங்டன் உட்கார்ந்த நாற்காலி. அதன் முதுகில் பாதிச் சூரியன் செதுக்கியிருக்கிறது. மற்ற சாமான்கள் பெரும்பாலும் அந்தக் காலத்து மாதிரியில் தேடி வைத்தவை. நாற்காலி மட்டும் அசல்.

1787 மே 25-லிருந்து செப்டம்பர் 17 வரை இங்கே கூட்டம் நடந்தது. 12 மாநிலங்களிலிருந்து 55 பேர் வந்தார்கள். ரோட் ஐலண்ட் ஆளே அனுப்பவில்லை. உள்ளே பேசுவது வெளியே போகக் கூடாது என்று கோடைகாலத்தில் ஜன்னலையெல்லாம் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார்கள். மின்விசிறி இல்லாத காலம். மக்கள்தொகை அதிகமான மாநிலங்கள் அதற்கேற்ற இடங்கள் கேட்டன. சிறிய மாநிலங்கள் எல்லோருக்கும் சமம் என்றன. கடைசியில் இரண்டையுமே வைத்துக்கொண்டார்கள். பிரதிநிதிகள் சபையில் மக்கள்தொகைக் கணக்கு, செனட்டில் மாநிலத்துக்கு இரண்டு பேர். அதனால்தான் ஏறக்குறைய 4 கோடிப் பேர் இருக்கும் கலிபோர்னியாவுக்கும் 2 செனட்டர், 6 லட்சம்கூட இல்லாத வயோமிங்குக்கும் 2 செனட்டர். இது நியாயமா என்று இன்றைக்கும் அங்கே சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

கடைசியில் எழுதி முடித்தது ஏழே பிரிவுகள், நான்கு தோல் தாள்கள். நம் சாசனம் தொடங்கும்போதே 395 பிரிவுகள். வகுப்பில் இரண்டையும் ஒப்பிட்டுச் சொல்லும்போது, 'அமெரிக்காக்காரனுக்குப் பரீட்சை ஈஸி டீச்சர்' என்பார்கள் பிள்ளைகள்.

மண்டபத்தை விட்டு வெளியே வந்ததும் அடுத்தடுத்த கட்டடங்களையும் பார்த்துவிடுங்கள். பலர் இவற்றைப் பார்க்காமலே மணியைத் தேடி ஓடிவிடுகிறார்கள். 1790-லிருந்து 1800 வரை பிலடெல்பியாதான் தலைநகர். மேற்குப் பக்கம் காங்கிரஸ் மண்டபம். கீழ்த்தளத்தில் பிரதிநிதிகள் சபை, மாடியில் செனட். கிழக்குப் பக்கம் பழைய நகராட்சி மண்டபம், அதில் சுப்ரீம் கோர்ட். அதிபர் வாஷிங்டன் குடியிருந்தது ஒரு தெரு தள்ளி, மார்க்கெட் தெருவில். சட்டம் இயற்றுகிறவர்கள், அதை நிறைவேற்றுகிறவர், அதற்கு விளக்கம் சொல்கிறவர்கள், மூன்று தரப்பும் காய்கறி வாங்கப் போகிற தூரத்தில் இருந்திருக்கிறார்கள்.

"ஒரு கிளை ரொம்ப பலமாகிடாம எது தடுக்குது?" என்று பட்டியலில் ஒரு கேள்வி. மகள், "அதிகாரப் பிரிவினை" என்றாள். சரியான பதில்தான். ஆனால் அந்தப் புல்வெளியில் நின்று பார்த்தால்தான் இன்னும் நன்றாகப் புரிகிறது. காங்கிரஸ் நிறைவேற்றும் மசோதாவை அதிபர் நிராகரிக்கலாம். இரண்டு சபையிலும் மூன்றில் இரண்டு பங்குப் பேர் சேர்ந்தால் அந்த நிராகரிப்பையும் தாண்டலாம். நீதிபதிகளை அதிபர் முன்மொழிவார், செனட் சம்மதிக்க வேண்டும். அப்படி வந்த நீதிபதிகளே சட்டம் செல்லாது என்பார்கள். நாங்கள் போயிருந்த அந்த மாதம், டி.வி.யைப் போட்டாலே அதிபரைப் பதவிநீக்கம் செய்வதற்கான விசாரணைதான். யாரையும் முழுசாக நம்பாதவர்கள் எழுதிய சாசனம் இது. தங்களையும் சேர்த்துத்தான் அவர்கள் நம்பவில்லை.

காங்கிரஸ் மண்டபத்தின் கீழ்த்தளத்தில் 1797 மார்ச் 4 அன்று ஜான் ஆடம்ஸ் அதிபராகப் பதவியேற்றார். வாஷிங்டன் உயிரோடு, நல்ல செல்வாக்கோடு அங்கேயே இருந்தார். இரண்டு தடவைக்கு மேல் கூடாது என்று அப்போது சட்டம் எதுவும் இல்லை, அது 1951-ல்தான் வந்தது. அவராகவே விலகிக்கொண்டு வீட்டுக்குப் போனார். சுற்றிலும் ராஜாக்கள் சாகும்வரை ஆண்ட காலம் அது.

மதியம் பெஞ்சில் உட்கார்ந்து கட்டிக்கொண்டு வந்த புளியோதரையைச் சாப்பிட்டோம். அப்போதுதான் அந்தப் பேச்சு வந்தது. நேர்காணல் முடிந்த பிறகு சத்தியப் பிரமாணம் எடுக்க வேண்டும். வலது கையைத் தூக்கி, இதுவரை எந்த நாட்டின் குடிமகளாக இருந்தாளோ அந்த நாட்டின் மீதான விசுவாசத்தை முற்றிலும் கைவிடுகிறேன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நம் 1955-ம் வருஷத்துக் குடியுரிமைச் சட்டப்படியும் வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்த நிமிஷமே இந்தியக் குடியுரிமை போய்விடும். இதை நானே வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆனால் சொல்லப்போகிறது என் பெண் என்கிறபோது, கையில் இருந்த சாதம் தொண்டையில் இறங்கவில்லை.

"அப்படியே சொல்லித்தான் ஆகணுமா?" என்றேன்.

"ஆகணும்மா. ஆனா யாருக்குச் சத்தியம் பண்றேன்னு பாரு. அதிபருக்கு இல்ல, கொடிக்கு இல்ல. சாசனத்துக்கும் சட்டத்துக்கும்தான்."

அது உண்மைதான். அதிபரே பதவியேற்கும்போது 35 வார்த்தைகளில் சொல்வதும் அதுதான், சாசனத்தைக் காப்பேன் என்று. அவரும் இவளும் ஒரே புத்தகத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. மனசு ஆறவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாப்பிள்ளை பேச்சை மாற்றுவதற்காக, "அத்தை, மணி பார்க்கப் போலாமா?" என்றார்.

சுதந்திர மணி தனிக் கட்டடத்தில் இருக்கிறது, டிக்கெட் தேவையில்லை. லண்டனில் செய்து வந்தது, முதல் தடவை அடித்துப் பார்த்தபோதே விரிசல் விட்டது. உள்ளூர்க்காரர்கள் உருக்கி மறுபடி வார்த்தார்கள். எடை 900 கிலோவுக்கு மேல். அதில் பென்சில்வேனியா என்ற பெயரில் ஓர் எழுத்து குறைவாக இருக்கும். அந்தக் காலத்தில் அப்படியும் எழுதுவார்களாம், டீச்சர் கண்ணுக்கு அதுதான் முதலில் பட்டது. 'சுதந்திர மணி' என்ற பெயரைப் பரப்பியவர்கள் 1830-களில் அடிமை முறையை எதிர்த்துப் போராடியவர்கள்.

அந்தப் பெயரின் அர்த்தம் கட்டடத்தின் வாசலிலேயே கிடக்கிறது. வாஷிங்டன் குடியிருந்த வீடு 19-ம் நூற்றாண்டிலேயே இடிந்துபோனது. அது இருந்த இடத்தில் கூரையில்லாத செங்கல் சுவர்களை எழுப்பி 2010-ல் நினைவிடம் ஆக்கினார்கள். கருங்கல் சுவரில் ஒன்பது பெயர்கள் செதுக்கியிருக்கின்றன. அந்த வீட்டில் வாஷிங்டன் வைத்திருந்த அடிமைகள். வெளியூர்க்காரர் கொண்டுவரும் அடிமை ஆறு மாதம் தொடர்ந்து இங்கே இருந்தால் விடுதலை கேட்கலாம் என்று பென்சில்வேனியாவில் சட்டம் இருந்தது. அதற்காகவே ஆறு மாதம் முடிவதற்குள் அவர்களை மாநில எல்லையைத் தாண்டி அனுப்பி, திரும்ப வரவழைப்பார்கள். சாசனக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் வீட்டில் நடந்தது இது.

ஒன்பது பேரில் ஓனா ஜட்ஜ் என்ற இளம்பெண் 1796-ல், வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம் பார்த்து வெளியேறினாள். கப்பல் ஏறி நியூ ஹாம்ப்ஷயர் போய்ச் சேர்ந்தாள். வாஷிங்டன் ஆள் அனுப்பியும் திரும்பவில்லை. 1848-ல் இறக்கும்வரை சட்டத்தின் கண்ணில் அவள் ஓடிப்போன அடிமைதான். முதலில் எழுதிய சாசனத்தில் 'அடிமை' என்ற வார்த்தையே கிடையாது. வேறு வேறு வார்த்தைகளால் சுற்றி வளைத்து, ஓடிப்போனவர்களைத் திருப்பித் தர வேண்டும் என்று மட்டும் எழுதிவைத்தார்கள். அடிமை முறையை ஒழித்த 13-வது திருத்தம் வந்தது 1865-ல், ஒரு பெரிய உள்நாட்டுப் போருக்குப் பிறகு. மணியைப் பார்க்க நின்ற வரிசையில் கால்வாசிக் கூட்டம்கூட இந்தச் சுவரிடம் நிற்கவில்லை.

அங்கிருந்து புல்வெளியோடு வடக்கே நடந்தால் தேசிய அரசியல் சாசன மையம். இதற்குக் கட்டணம் உண்டு, கொடுக்கலாம். அங்கே ஒரு கூடத்தில் 42 வெண்கலச் சிலைகள், ஆள் உயரத்தில், பீடம் இல்லாமல் நம்மோடு தரையில் நிற்கின்றன. பிள்ளைகள் கையைப் பிடித்துக் குலுக்குகிறார்கள். 81 வயது பெஞ்சமின் பிராங்க்ளினோடு படம் எடுக்க வரிசை.

சாசனத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் 39 பேர்தான். மீதி மூன்று பேர் கடைசி நாள்வரை இருந்துவிட்டு, போட மாட்டேன் என்றவர்கள். ஜார்ஜ் மேசன், எட்மண்ட் ராண்டால்ஃப், எல்பிரிட்ஜ் கெர்ரி. அவர்களுக்கும் அதே உயரத்தில் சிலை. எனக்கு இந்த ஊரிலேயே பிடித்த இடம் இதுதான்.

மேசனின் முக்கியமான குறை, குடிமக்களின் உரிமைகளை இதில் எங்கேயும் எழுதவில்லையே என்பது. கூட்டம் முடிய ஐந்து நாள் இருக்கும்போது, உரிமைப் பட்டியல் ஒன்று சேர்க்கலாம் என்று கேட்டுப் பார்த்தார்கள். ஒரு மாநிலம்கூட ஆதரிக்கவில்லை. மேசன் கையெழுத்துப் போடாமல் ஊருக்குப் போனார். பக்கத்து ஊர்க்காரரான வாஷிங்டனோடு இருந்த பழைய நட்பும் கசந்துபோனது. ஆனால் அவர் கேட்ட கேள்வி ஊர் ஊராகப் பரவியது. உரிமைப் பட்டியல் சேர்க்க வேண்டும் என்று பல மாநிலங்கள் வற்புறுத்த, ஜேம்ஸ் மேடிசன் 1789-ல் அதைக் காங்கிரசில் கொண்டுவந்தார். 1791 டிசம்பர் 15-ல் முதல் பத்துத் திருத்தங்கள் நடைமுறைக்கு வந்தன. மத சுதந்திரம், பேச்சு, பத்திரிகை, கூட்டம் கூடுவது, அரசிடம் முறையிடுவது என்று இன்று அமெரிக்கா என்றதும் நாம் சொல்கிற உரிமைகள் எல்லாம் அந்த முதல் திருத்தத்தில் வந்தவை. மேசனும் அடிமைகள் வைத்திருந்தவர்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அப்போது காங்கிரஸ் அனுப்பியது 12 திருத்தங்கள், தேறியது 10. விட்டுப்போனதில் ஒன்றைப் பற்றி 1982-ல் டெக்சாஸில் கிரெகரி வாட்சன் என்ற கல்லூரி மாணவர் கட்டுரை எழுதினார். அது இன்னும் உயிரோடுதான் இருக்கிறது, மாநிலங்கள் ஏற்றால் செல்லும் என்பது அவர் வாதம். 'சி' கிரேடு போட்டுவிட்டார்கள். மனுஷன் மாநிலம் மாநிலமாகக் கடிதம் எழுதியே 1992-ல் அதை 27-வது திருத்தமாக்கிவிட்டார். 2017-ல் பல்கலைக்கழகம் கிரேடை 'ஏ' என்று திருத்தியது. சிவப்பு மையோடு முப்பது வருஷம் உட்கார்ந்திருந்த எனக்குச் சுருக்கென்றது.

"பாட்டி, எங்க கிளாஸ்ல ஒரு பையன் காலைல கொடிக்கு உறுதிமொழி சொல்ல மாட்டான். மிஸ் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றான் பேரன், மேசனின் கையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே. அதற்கும் இதே பென்சில்வேனியாவில் ஒரு கதை இருக்கிறது. 1935-ல் மைனர்ஸ்வில் என்ற சுரங்க ஊரில் லில்லியன், வில்லியம் என்று அக்கா தம்பி, 12 வயது, 10 வயது. யெகோவாவின் சாட்சிகள் மதத்தவர்கள். கொடிக்கு வணக்கம் செலுத்துவது எங்கள் மதத்துக்கு விரோதம் என்றார்கள். பள்ளியிலிருந்து நீக்கிவிட்டார்கள். பிலடெல்பியா நீதிமன்றம் பிள்ளைகள் பக்கம் நின்றது. ஆனால் 1940-ல் சுப்ரீம் கோர்ட் 8-க்கு 1 என்று அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. தேச ஒற்றுமைதான் முக்கியம் என்று எழுதியவர் நீதிபதி பிராங்க்ஃபர்ட்டர். அதன் பிறகு அந்த மதத்தவர்களைப் பல ஊர்களில் அடித்தார்கள், மெய்ன் மாநிலத்தில் அவர்களின் கூடத்துக்குத் தீ வைத்தார்கள். மூன்றே வருஷத்தில், உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1943-ல், வேறொரு வழக்கில் அதே சுப்ரீம் கோர்ட் தன் தீர்ப்பை மாற்றிக்கொண்டது. யாரையும் வற்புறுத்திக் கொடியை வணங்க வைக்க முடியாது என்றது. முன்பு எதிராக இருந்த நீதிபதிகளில் மூன்று பேர் மனசு மாறியிருந்தார்கள். பிராங்க்ஃபர்ட்டர் மாறவில்லை.

இது நம் ஊர் வரைக்கும் வந்தது. 1985-ல் கேரளத்தில் அதே மதத்தைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றார்கள், பாட மட்டும் மாட்டோம் என்றார்கள். பள்ளி நீக்கியது. 1986-ல் நம் சுப்ரீம் கோர்ட் இந்த அமெரிக்க வழக்குகளையும் அலசிவிட்டு, பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. அந்தத் தீர்ப்பு வந்தபோது எங்கள் ஸ்டாஃப் ரூமில் இரண்டு கட்சி. நான் பிள்ளைகள் கட்சி.

பேரன் கேட்டான், "அவங்க மூணு பேரும் திரும்ப ஸ்கூலுக்குப் போனாங்களா?" கோர்ட் சேர்க்கச் சொன்னது என்றேன்.

மாப்பிள்ளைக்கு ஆர்வம் 4-வது திருத்தத்தில். வீட்டையும் உடைமைகளையும் காரணமில்லாமல் சோதனை போடக் கூடாது என்பது அது. கைது செய்தவரின் செல்போனை போலீஸ் வாரண்ட் இல்லாமல் திறந்து பார்க்கலாமா என்று 2014-ல் வழக்கு வந்தது. கூடாது என்றார்கள் ஒன்பது நீதிபதிகளும். இறகுப் பேனாக் காலத்தில் எழுதிய வரி போனுக்கும் பொருந்தியிருக்கிறது. எந்த உரிமையும் எழுதிவைத்ததால் மட்டும் கிடைத்துவிடவில்லை, யாரோ ஒருவர் அதைக் கேட்டு நீதிமன்றம் வரை போயிருக்கிறார்.

மாலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். நேரம் இருந்தால் மையத்துக்குப் பக்கத்திலேயே ஆர்ச் தெருவில் பிராங்க்ளினின் கல்லறை இருக்கிறது. வேலிக் கம்பிக்கு வெளியிலிருந்தே பார்க்கலாம். மேலே ஒரு சென்ட் காசுகளாகக் கிடக்கும்.

நவம்பர் நேர்காணலில் மகளிடம் கேட்ட முதல் ஆறு கேள்விகளுக்கும் சரியாகச் சொல்லிவிட்டாள், அதோடு நிறுத்திக்கொண்டார்கள். ஜனவரியில் சத்தியப் பிரமாணம். அதற்குள் நான் ஊர் திரும்பியிருந்தேன். வீடியோ காலில் காட்டட்டுமா என்று மாப்பிள்ளை கேட்டார், வேண்டாம் என்றுவிட்டேன். அவள் இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைத்தாள், வெளிநாடு வாழ் இந்தியக் குடிமக்கள் அட்டை வாங்கினாள். அந்த அட்டையை வைத்து எப்போது வேண்டுமானாலும் வரலாம், எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கலாம். ஓட்டு மட்டும் போட முடியாது.

அங்கே அவள் முதல் ஓட்டு 2020 நவம்பரில். கொரோனா காலம், நியூ ஜெர்சியில் வாக்குச்சீட்டைத் தபாலில் வீட்டுக்கே அனுப்பியிருந்தார்கள். போட்டுவிட்டுப் போன் பண்ணினாள். யாருக்குப் போட்டாய் என்று கேட்டேன். பெற்ற தாய்தானே கேட்கிறேன் என்றும் சொல்லிப் பார்த்தேன்.

சொல்ல மாட்டேன் என்றுவிட்டாள்.